ஆமென் வாங்கப் போன போஸ்ட்மாஸ்டர்

வாவிக்கரையில் விடியுமுன் சத்தம் போடுகிற உயிரினங்கள் சில உண்டு. சேவல், செண்பகப் பறவை, தோணிக்கு மோட்டார் பூட்டியவர்கள். அண்மைக் காலத்தில் இந்தப் பட்டியலில் இன்னோர் இனமும் சேர்ந்துகொண்டது. அது கூவுவதில்லை, அனுப்புகிறது. காலை நான்கே முக்காலுக்கு உங்கள் தலைமாட்டில் கிடக்கும் போன் ஒருதரம் சிணுங்கினால், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பதறி எழும்பாதீர்கள். யாரும் போகவில்லை. உங்களுக்கு ஆறுதல் வந்திருக்கிறது.

வசனம் அனுப்புகிறவர் என்று இந்த இனத்துக்குப் பெயர்.

அடையாளம் காண்பது சுலபம். அவர் அனுப்புகிற படத்தில் பனி மூடிய ஒரு மலை இருக்கும், மலையடியில் கண்ணாடி போல ஓர் ஏரி இருக்கும், ஏரியில் இரண்டு அன்னங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும், ஓரத்தில் இந்த நாட்டு மண்ணில் எந்தக் காலத்திலும் பூக்காத ஒரு பூ பூத்திருக்கும், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் மஞ்சள் எழுத்தில் ஒரு வேத வசனம். இத்தனைக்கும் அவருடைய யன்னலைத் திறந்தால் வாவி கிடக்கிறது. சூரியன் தினமும் காசு கேட்காமல் அதிலிருந்துதான் எழும்புகிறது. ஆனால் வாவியின் மேல் வசனம் எழுதினால் பார்க்கிறவருக்கு நம்பிக்கை வராதாம். மட்டக்களப்பில் இருக்கிறவனுக்கு மட்டக்களப்பையே காட்டி எப்படி ஆறுதல் சொல்வது?

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் யாரையும் பிடிக்க முடியாது. ஆகவே ஒருவரைப் பிடித்து மேசையில் வைப்போம். பெயர் நல்லரத்தினம். ஓய்வுபெற்ற தபாலதிபர். வாகரையிலும் சித்தாண்டியிலும் மண்டூரிலுமாக முப்பத்து நான்கு வருடம், மற்றவர்கள் எழுதியதை மற்றவர்களிடம் சேர்ப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கனடாவிலிருக்கும் மகன் நல்லதொரு போன் வாங்கி அனுப்பினான். வினை அங்கேதான் தொடங்கியது. இப்போது ஒரு தட்டுத் தட்டினால் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் போகிறது. முத்திரை வேண்டாம், சைக்கிள் வேண்டாம், நாய்க்கடி இல்லை.

இந்த இருநூற்றுப் பதினான்கு பேரில் சாதி, சமயம் பார்ப்பதில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. காத்தான்குடியில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் மின்ஹாஜ், குழாய் கொண்டுவந்து இறக்குவதற்காக ஒருநாள் தன் நம்பரைக் கொடுத்தார். குழாய் வந்து இறங்கியது. மூன்று வருடமாக மின்ஹாஜுக்கு வசனம் போய் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் மரியாதை தெரிந்த மனிதர், மறிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ வாழ்த்து என்று பொன்னிறப் படமொன்றைத் திருப்பி அனுப்பிச் சமாதானம் காக்கிறார்.

சரி, வசனம் எங்கேயிருந்து வருகிறது? வேதப் புத்தகத்திலிருந்து என்று நீங்கள் சொன்னால் உங்களுக்கு விபரம் போதாது. அது தடித்த புத்தகம். அதற்குள் இறங்கினால் வம்சப் பட்டியலில் கால் மாட்டும், யுத்தத்தில் மாட்டும், தீர்க்கதரிசிகளின் ஏச்சில் மாட்டும். எங்கள் ஆள் அந்த ஆபத்துக்கெல்லாம் போவதில்லை. அவரிடம் பெட்டி இருக்கிறது. ரொட்டித் துண்டு வடிவத்தில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே விரல் நீளத்தில் அட்டைகள் நிமிர்ந்து நிற்கும், அட்டைக்கொரு வாக்குத்தத்தம். கண்ணை மூடி, ஜெபித்து, ஒன்றை உருவ வேண்டும். நான் உன்னோடு இருக்கிறேன், நான் உன்னை உயர்த்துகிறேன், உன் பகைவர்களை என்னிடம் விடு என்கிற சாயலில் எல்லா அட்டையும் நமக்கு ஏதோ ஒன்றைத் தருகிற அட்டையாகவே இருக்கும். கேட்கிற அட்டை ஒன்றாவது? கிடையாது. உருவியது போதிய அளவு இனிப்பாக இல்லையென்றால் திருப்பிச் செருகிவிட்டு வேறொன்றை உருவுவார். கர்த்தருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பதில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

ஒருநாள் அவருடைய மனைவி றோஸ்லின், தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, பசிச்சவனுக்குச் சாப்பாடு குடு, வீடில்லாதவன வீட்டுக்க எடு எண்டு வருமே. அது இதுக்க இல்லையா?"

"இல்லை."

"ஏன்?"

"அது கட்டளை. இது வாக்குத்தத்தப் பெட்டி."

"கட்டளைக்கு ஒரு பெட்டி வாங்கேலாதா?"

"அப்பிடி ஒருத்தரும் செய்யிறல்ல. ஆர் வாங்குவாங்க?"

பெட்டி பொதுமக்களுக்கு. யாராவது தனியாகத் தன் துன்பத்தைச் சொன்னால் அதற்கு வேறு ஏற்பாடு, ஒரு கொப்பி. பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு. காய்ச்சல். விசா மறுப்பு. கலியாணம் குழம்பினது. சோதனைப் பெறுபேறு. மாமியார். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய வசனங்கள். கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துத் தட்டில் போட்டுப் பழகிய கை, மனிதர்களின் கண்ணீரையும் அதே வேகத்தில் பிரித்துப் போட்டது. நீங்கள் அழுது முடிக்குமுன் உங்கள் அழுகைக்குரிய வசனம் வந்துவிடும்.

வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? வாசித்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தீர்களா? பதிவுத் தபால் என்றால் பெற்றவர் கையெழுத்து வைத்தாக வேண்டும். இவருடைய சட்டத்தில் அந்தக் கையெழுத்துக்கு 'ஆமென்' என்று பெயர். ஏழு மணிக்குள் ஆமென் போட்டவர்கள் உறுதியான விசுவாசிகள். எட்டு மணிக்குள் போட்டவர்கள் பரவாயில்லை. கை கூப்புகிற படம் மட்டும் போடுகிறவர்கள் வெதுவெதுப்பானவர்கள். ஒன்றும் போடாதவர்களுக்குப் பத்து மணிக்கு அழைப்பு வரும்.

"மகன், காலையில அனுப்பினது கிடைக்கல்லையோ?"

"கிடைச்சது அங்கிள். வேலையில நிக்கன்."

"ரெண்டு நீலச் சரி விழுந்து கிடக்கு. ஆமென்னக் காணல்ல. அதான் ஒரு பயம். வீட்டில ஏதும் பிரச்சினையோ எண்டு."

மின்ஹாஜையும் ஒருமுறை இப்படி அழைத்தார். "தம்பி, உங்கட முறையில ஆமீன் எண்டாவது போடலாமே" என்று கேட்டாராம். அன்றிலிருந்து மின்ஹாஜின் கடைப் பெடியன் ஒருவன் காலையில் கதவு திறந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுகிறான்.

இனி, வெள்ளத்துக்கு வருவோம்.

நல்லரத்தினத்தாரின் வீடு ஒழுங்கையின் மேட்டுப் பக்கத்தில். அங்கிருந்து எட்டு வீடு தள்ளி, ஒழுங்கை வாவிக்குள் இறங்குகிற பள்ளத்தில் வதனியும் அவள் புருசன் சதீசனும் இருந்தார்கள். அவர்களும் வேதக்காரர்கள்தான், அதே கோயில்தான். சதீசன் மேசன். நான்கு மாதத்துக்கு முன் ஏறாவூரில் ஒரு வேலையில் சாரம் முறிந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டாயிற்று. தோலுக்கு வெளியே தெரியும்படி கம்பி பூட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கம்பி கழற்றும் வரைக்கும் அந்தக் காலில் ஊத்தைத் தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது, பட்டுப் புண்ணில் கிருமி ஏறினால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் வதனியை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மேசனுக்குக் கால் போனால் என்ன மிச்சம் என்று அவர் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வதனியிடமும் ஒரு வசனம் இருந்தது. ஆசுபத்திரியில் புருசனைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன ஆறு மணித்தியாலத்தில், வேதப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்து, மருந்துத் துண்டின் பின்புறத்தில் எழுதி, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் அதைத்தான் வாசித்தாள். யாருக்கும் அனுப்பியதில்லை. என்ன வசனமென்று சதீசனுக்கே தெரியாது. ஆகவே நமக்கும் தெரியாது.

கார்த்திகை மழை ஆறு நாள் விடாமல் பெய்தது. வயல் வட்டைகள் நிரம்பி, அந்தத் தண்ணீரெல்லாம் வாவிக்குள் இறங்கி, முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு விட்டும் போதாமல், ஏழாம் நாள் விடியும்போது வாவி ஒழுங்கைக்குள் வந்து படுத்திருந்தது. பள்ளத்து வீட்டுக்காரர் எல்லாரும் முதல்நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நடக்கிறவர்கள் போகலாம். வதனி கட்டிலின் கால்களுக்கு அடியில் நான்கு நான்கு சீமெந்துக் கல்லாக அடுக்கி உயர்த்திவிட்டு, தோணிக்காரர் சீனித்தம்பி வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீனித்தம்பியின் தோணி வேறு ஆக்களை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போயிருந்தது. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் இரண்டாவது கல்லைத் தொட்டது. அவள் நல்லரத்தினத்தாருக்கு எழுதினாள்.

"ஐயா, வீட்டுக்க தண்ணி ஏறிட்டு. இவர்ர கால் நனையக் கூடாது. உங்கட மேல்மாடியில தண்ணி வத்தும் வரைக்கும் இருக்க விடுவீங்களா. தூக்கவும் ஒரு ஆள் வேணும். என்னால தனியத் தூக்கேலா."

அவர் வாசித்தார். கண் கலங்கியது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கியது. இந்த இனத்தாரின் மனம் கல் என்று நினைத்தால் நீங்கள் அவர்களை விளங்கிக்கொள்ளவில்லை. மனம் பஞ்சு. அந்தப் பஞ்சில் எல்லாம் ஊறும், ஒன்றும் வெளியே வராது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தார். வெள்ளம் என்ற தலைப்புக்குக் கீழே, ஆழமான தண்ணீரைக் கடந்தாலும் நீ மூழ்கமாட்டாய் என்ற கருத்தில் ஒன்று இருந்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு வசனம் ஒரு மனுசிக்குக் கிடைக்குமா? அதற்கேற்ற படமும் தேடினார். நீர்வீழ்ச்சி. பெரிய நீர்வீழ்ச்சி. அனுப்பினார். இரண்டு நீலச் சரி விழுந்தன. திருப்தியாகத் தேத்தண்ணியை எடுத்தார்.

"வதனிக்கு என்ன பதில் போட்டீங்க?" என்று றோஸ்லின் கேட்டாள்.

"அருமையான வசனம் ஒண்டு."

"மேல்மாடிக்கு என்ன சொன்னீங்க?"

"அதுக்குத்தானே வசனம் போட்டன்."

"ஓமெண்டா, இல்லையெண்டா?"

"ஜெபத்தில வெச்சிரிக்கன்."

மேல்மாடி பூட்டியிருந்தது. மாசியில் கனடாவிலிருந்து மகன் குடும்பத்தோடு வருவதற்காகக் கட்டியது. வழுவழுப்பான மாபிள், வெள்ளைக்காரர் முறையில் குளியலறை, பொலித்தீன் இன்னும் கழற்றாத சோபா. அந்தப் பொலித்தீனை நல்லரத்தினத்தாரே தொட்டதில்லை. மாபிள் பதித்தது யார்? சதீசன்.

எட்டு மணிக்கு இருநூற்று ஒன்பது ஆமென் வந்திருந்தன. ஒன்பது மணிக்கு இருநூற்றுப் பதின்மூன்று. வதனியுடையது வரவில்லை. பத்து மணிக்குச் சட்டப்படி அழைத்தார். போன் செத்துக் கிடந்தது. சோதனை வந்தவுடன் விசுவாசம் தளர்ந்துபோகும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பதிவுத் தபாலைக் கையெழுத்தில்லாமல் விட்டவரல்ல. ஒரு ஆத்துமா அழிந்துபோக விடுவாரா? உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டினார், குடையை எடுத்தார், படியிறங்கித் தண்ணீருக்குள் கால் வைத்தார்.

மூன்றாவது வீட்டில் முழங்கால். ஆறாவது வீட்டில் தொடை. எட்டாவது வீட்டு வாசலில் தண்ணீர் இடுப்பில் குளிர்ந்தது. உள்ளே வதனி, கட்டிலை இன்னும் உயர்த்தவென்று ஐந்தாவது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாக எப்படித் தூக்கிச் செருகுவதென்று தெரியாமல் நின்றாள். தண்ணீர் மூன்றாவது கல்லில் நின்றது.

"வதனி," என்றார் அவர் வாசலில் நின்று, குடையோடு. "காலையில போட்ட வசனம் கிடைச்சதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கிடைச்சது ஐயா," என்றான் சதீசன் கட்டிலிலிருந்து. "நானும் பார்த்தன். நீர்வீழ்ச்சி."

"பதில் வரல்ல. அதான் என்னமோ ஏதோ எண்டு."

"சார்ஜ் முடிஞ்சிட்டு ஐயா," என்றாள் வதனி. கல்லை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வசனத்தக் கண்டும் மனம் தளரக் கூடாது புள்ள. வாயாலயாவது ஒரு ஆமென் சொன்னா..."

"ஐயா நடந்தா வந்தீங்க?" என்று சதீசன் குறுக்கே கேட்டான்.

"ஓம்."

"எவ்வளவு தண்ணி?"

"இஞ்சதான் இடுப்பு. அங்கால குறைவு."

"பள்ளம் படுகுழி ஏதும் காலில தட்டிச்சா?"

"இல்லை."

"அப்ப வழி சரி. வதனி, கதிரைய எடு. ஐயா, குடைய விடுங்க."

தான் எதற்கு வந்தோம் என்பதை விளங்கப்படுத்த நல்லரத்தினத்தார் வாயைத் திறந்தார். அதற்குள் பிளாஸ்டிக் கதிரை வந்துவிட்டது, சதீசன் அதில் இறங்கிவிட்டான், அவனைக் கதிரையோடு சேர்த்து வதனி சேலையால் கட்டிவிட்டாள், கதிரையின் முதுகு அவருடைய கைகளில் இருந்தது. முன்பக்கத்தை வதனி பிடித்தாள். பொலித்தீன் சுற்றிய கால் அவளுடைய தோளில். சதீசன் எண்பத்தெட்டுக் கிலோ. நான்கு மாதம் படுத்துக் கிடந்ததில் கூடியிருக்கலாம்.

"முதுக வளைக்காதீங்க ஐயா, முழங்கால மடிங்க. சீமெந்து பேக் தூக்கிறதுக்கும் இதுதான் முறை."

"தம்பி, நான் சீமெந்து பேக் தூக்கினதில்லை."

"தெரியும். உங்கட வீட்டுக்கு நான்தானே தூக்கினன். மெதுவா வாங்க. இடது பக்கம் வடிகான் இரிக்கு, வலத்தால வாங்க."

தன் வேலையாட்களை வேலை வாங்குவது போலச் சதீசன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். நல்லரத்தினத்தார் சொன்னபடி நடந்தார். அவரை அறிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. மூச்சு வாங்கியது. தண்ணீர் குறையக் குறையக் கதிரை கனத்தது. ஜெபத்துக்குக் குவிந்து பழகிய கைகள் கதிரை முதுகை இறுகப் பிடித்திருந்தன. ஒருதரம் அவர் வழுக்கிச் சரிந்தபோது கால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஆடியது. வதனி தோளை உயர்த்திக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று பேரில் யார் ஜெபித்தார்கள், யார் ஜெபிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

அவருடைய வீட்டுக் கேற்றடியில் தண்ணீர் கணுக்கால். அங்கே நின்றார். மேலே போகும் படி வெளியால்தான். பத்தொன்பது படி. உச்சியில் பூட்டிய கதவு.

"வதனி," என்றார், மூச்சுக்கு நடுவில். "பள்ளிக்கூடத்திலயும் எல்லாரும் இரிக்காங்கதானே. அங்க நல்ல கவனிப்பு எண்டு கேள்வி."

"அங்க நிலத்திலதான் படுக்கோணும் ஐயா. வராந்தா முழுக்கச் சகதி."

"இல்லை, மேல... மகன் வாறான். மகன்ர ஆக்கள் வரக்க..."

"தம்பி எப்ப வாறார்?" என்று சதீசன் கேட்டான்.

"மாசியில."

"இது கார்த்திகை ஐயா. அதுக்கு முன்னம் தண்ணி வத்தும்."

நல்லரத்தினத்தார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஒரு நிமிசம். உள்ளுக்குப் போய் ஒரு வசனம் எடுத்துப் பார்த்திட்டு வாறன். கர்த்தருக்கு என்ன சித்தமோ."

"எடுங்க," என்றான் சதீசன். "ஆனா என்னை எங்க வெப்பீங்க?"

வைப்பதற்கு இடமில்லை. முற்றம் முழுக்கத் தண்ணீர். காய்ந்து கிடந்தது படி மட்டும்தான். படியில் வைத்தால் உருளும், ஏறினால் கதவு. அவருடைய கைகள் இரண்டும் கதிரையில் இருந்தன. பெட்டியைத் திறக்க, அட்டையை உருவ, போனைத் தட்ட, எதற்கும் ஒரு கை வேண்டும். கைகள் நிறைந்து நிற்கிற மனிதனால் வசனம் எடுக்க முடியாது. இதை அவர் தன் அறுபத்தாறாவது வயதில் அன்றுதான் கண்டுபிடித்தார்.

"றோஸ்லின்," என்று கூப்பிட்டார். "திறப்பக் கொண்டு வா."

"எந்தத் திறப்பு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேல்மாடித் திறப்பு."

"ஜெபத்தில வெச்சிரிக்கன் எண்டீங்க?"

"என்ர கை ஏலா, கெதியா வா."

அவள் கெதியாகத்தான் வந்தாள். திறப்பு காலையிலிருந்தே அவளுடைய இடுப்பில் இருந்தது.

சதீசனின் கால் நனையவில்லை. பதினொரு நாள் மேலே இருந்தார்கள். சோபாவின் பொலித்தீனை முதல்நாளே றோஸ்லின் உரித்துப்போட்டாள். தை பிறந்ததும் கம்பி கழன்றது. இப்போது தடி ஊன்றி நடக்கிறான், சித்திரைக்குப் பிறகு சாரத்தில் ஏறலாம் என்கிறார்கள்.

ஆள் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை, பெருகும். மறுநாள் காலை நான்கே முக்காலுக்கு இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் வசனம் போனது. பனிமலை, ஏரி, மேலதிகமாக ஒரு படகு. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: நேற்றைய வெள்ளத்தில் கர்த்தர் தம்முடைய எளிய ஊழியனைப் பயன்படுத்தினார். ஆமென்கள் கொட்டின. ஏழு மணிக்கு முன் இருநூற்றுப் பதின்மூன்று. வராத ஒன்றைப் பற்றிக் கேட்க அவர் பத்தொன்பது படியும் ஏறினார். வதனி, துவைத்த உடுப்புக் கூடையை அவருடைய கையில் கொடுத்து, "ஐயா, இதக் கொஞ்சம் பிடிங்க, கொடிய இழுத்துக் கட்டிட்டு வாறன்" என்றாள். அவர் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் வேதக்காரன் இல்லை, எனக்கும் இதற்கும் என்ன என்கிறீர்கள். விநாயகர் படத்தை நாற்பது பேருக்கு அனுப்பியவர்களும், வெள்ளி வாழ்த்துப் போட்டவர்களும், எந்தக் கடவுளையும் நம்பாமல் யாரோ ஓர் அறிஞர் சொன்னாராம் என்று தினம் ஒரு பொன்மொழி அனுப்புகிறவர்களும் இதே வரியில் சிரித்துவிட்டுத்தான் கடந்து போனார்கள். ஒரு சின்ன வேலை. போனை எடுத்து, யாராவது உங்களிடம் 'ஒரு உதவி' என்று தொடங்கி எழுதியது கிடக்கிறதா என்று கீழே தள்ளித் தள்ளிப் பாருங்கள். கிடக்கும். அதற்குக் கீழே நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள்? 'எல்லாம் நல்லபடி நடக்கும்', ஒரு கைகூப்பு, ஒரு பூ. அழகான பூ.

உதவி கேட்ட அந்த ஆள் இன்னும் ஒன்லைனில்தான் இருக்கிறார்.